அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்: வெளிநாட்டு மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவுக்குப் படிக்கப்போகும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். ஒரு எச்சரிக்கை: 2025-இல் இந்தத் துறையின் விதிகள் பெரிய அளவில் மாறின. அதற்கு முந்தைய வீடியோக்களில் சொல்லப்படும் எண்ணிக்கைகளை அப்படியே நம்ப வேண்டாம்.

ஃபுட்பால்னா நம்ம ஊர் ஃபுட்பால் தானே?

இல்லை. இங்கே பேசுவது ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். நம் கால்பந்து அங்கே சாக்கர். இரண்டுக்கும் பண ஒதுக்கீடு முற்றிலும் வேறு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்கர் பற்றி ஒரு கேள்வி கீழே தனியாக வருகிறது.

விளையாடுற பையனுக்கு காலேஜ் ஏன் பணம் தருது? கவர்ன்மென்ட் பணமா?

அரசாங்கத்தின் ஸ்காலர்ஷிப் திட்டம் எதுவும் இதில் இல்லை. மிஷிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம்; சனிக்கிழமை ஆட்டங்களுக்கு அது நிரம்புகிறது. டிக்கெட், தொலைக்காட்சி உரிமம், பழைய மாணவர்களின் நன்கொடை எல்லாம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்குப் போகின்றன. ஸ்காலர்ஷிப் அந்தத் துறையின் பட்ஜெட்டிலிருந்து வருகிறது. சிறிய கல்லூரிகளில் இந்த வருமானம் கிடையாது. அங்கே மாணவர்களிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தும் கல்லூரியின் பொது நிதியிலிருந்தும் பணம் ஒதுக்குகிறார்கள்.

அரசாங்கத்தின் கல்வி உதவி வேறு. பெல் கிராண்ட் போன்ற மத்திய அரசு உதவிகள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவருக்குக் கிடையாது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்குக் குடியுரிமை நிபந்தனை எதுவும் இல்லை.

வெளிநாட்டுப் பசங்களுக்குன்னு தனி கோட்டா இருக்கா?

இல்லை. டெக்ஸாஸ் பையனுக்குப் போகும் அதே பணத்திலிருந்துதான் உங்கள் பையனுக்கும் வரவேண்டும். யாருக்கு என்பதைக் கோச் முடிவு செய்கிறார். அமெரிக்கப் பையன்கள் ஆறு, ஏழு வயதிலேயே இந்த ஆட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஆகவே வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட அழுத்தமான காரணம் வேண்டும்: அசாதாரண உடல்வாகு, வேகம், அல்லது அங்கே எளிதில் கிடைக்காத ஒரு தனித்திறமை.

அந்தத் தனித்திறமைக்கு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியர்கள். ஆஸ்திரேலிய விதி ஃபுட்பாலில் ஓடிக்கொண்டே பந்தை உதைத்துப் பழகியவர்கள் பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்து அனுப்பும் 'பன்ட்டர்' இடத்துக்கு அப்படியே பொருந்திப்போனார்கள். நாட்டின் சிறந்த கல்லூரிப் பன்ட்டருக்கான ரே கை விருதை யூட்டாவுக்கு ஆடிய டாம் ஹேக்கெட் 2014, 2015 இரண்டு ஆண்டும் வாங்கினார். டெக்ஸாஸின் மைக்கேல் டிக்சன் 2017-இல், ஐயோவாவின் டோரி டெய்லர் 2023-இல். மூவரும் ஆஸ்திரேலியர்கள்.

எல்லா காலேஜும் ஸ்காலர்ஷிப் தருமா? டிவிஷன் 1, 2, 3-ன்னு சொல்றாங்களே?

தராது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பின் கீழ் மூன்று டிவிஷன்கள். டிவிஷன் 3-இல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-இல் இருந்தாலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளும் அப்படியே.

தருகிற இடங்களில் நீண்ட காலம் இருந்த வரம்பு இது: டிவிஷன் 1-இன் மேல்தட்டான எஃப்பிஎஸ்-இல் ஓர் அணிக்கு 85 பேர், அடுத்த தட்டான எஃப்சிஎஸ்-இல் 63 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகை, டிவிஷன் 2-இல் 36-க்குச் சமமான தொகை. சிறிய கல்லூரிகளின் தனி அமைப்பான என்ஏஐஏ-வில் 24. "சமமான தொகை" என்ற சொற்களைக் கவனியுங்கள். அதைப் பிரித்துக் கொடுக்கலாம். 36 ஸ்காலர்ஷிப்புக்கான பணம் 90 பேருக்குச் சிதறும்போது ஒருவருக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2025-ல என்ன மாறிச்சு? இப்போ 105 பேருக்கு கிடைக்கும்னாங்க.

2025 ஜூன் 6-ஆம் தேதி, வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது தொடுக்கப்பட்ட 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. ஃபுட்பாலுக்கு அது 105. அந்த 105 பேருக்கும் முழுத் தொகை கொடுக்க அனுமதி உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. முன்பு எஃப்பிஎஸ்-இல் ஸ்காலர்ஷிப்பைத் துண்டு போடுவதில் பயன் இல்லை. பாதி கொடுத்தாலும் ஒருவர் கணக்குத்தான். இப்போது பாதியும் கொடுக்கலாம், காலும் கொடுக்கலாம். "எஃப்பிஎஸ் என்றால் முழுசு" என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

சமரசத்தில் சேராத கல்லூரிகளுக்குப் பழைய வரம்பே தொடர்கிறது. பையனிடம் பேசும் கல்லூரி எந்தப் பக்கம் என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

ஃபுல் ஸ்காலர்ஷிப் கிடைச்சா நம்ம கையிலேர்ந்து ஒரு பைசா செலவில்லையே?

இந்த ஒரு கேள்வியில்தான் அதிகப் பேர் தடுமாறுகிறார்கள். முழு ஸ்காலர்ஷிப் என்பது கல்விக் கட்டணம், இதர கட்டணங்கள், தங்குமிடம், சாப்பாடு, பாடநூல் ஆகிய ஐந்தும். 2015 முதல் பல டிவிஷன் 1 கல்லூரிகள் இதற்கு மேல் போக்குவரத்து, சில்லறைச் செலவுக்கும் ஒரு தொகை சேர்க்கின்றன. அந்தத் தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

இதில் வராதவை: விசா நேர்காணலுக்கான 185 டாலர், அதற்கு முன் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்காகக் கட்டவேண்டிய செவிஸ் கட்டணம் 350 டாலர், விமான டிக்கெட், முதல் வாரம் வாங்கவேண்டிய படுக்கை விரிப்பு, குளிர் ஜாக்கெட். மருத்துவக் காப்பீடு சில இடங்களில் உள்ளே, சில இடங்களில் வெளியே. கோடைக்காலம் தனிக் கதை. ஒப்பந்தம் வழக்கமாக ஆகஸ்டிலிருந்து மே வரைதான். ஜூன், ஜூலையில் பயிற்சிக்காகத் தங்கச் சொன்னால், அந்த இரண்டு மாத வாடகையும் சாப்பாடும் யார் கணக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

டிவிஷன் 1 கல்லூரிகளில் மாணவர் உதவி நிதி என்று ஒன்று இருக்கும். அவசரமாக ஊருக்குப் போகவேண்டிய டிக்கெட் போன்ற செலவுகளுக்கு அதில் கேட்டுப் பார்க்கலாம். கேட்காமல் தானாக வராது.

ஸ்காலர்ஷிப்புக்கு டாக்ஸ் உண்டுன்னு பயமுறுத்துறாங்க. நிஜமா?

நிஜம். கல்விக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், கட்டாயப் பாடநூல் இவற்றுக்கான பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாடு, சில்லறைச் செலவுக்கான பகுதி வருமானமாகக் கருதப்படும். எஃப்-1 விசாக்காரருக்கு அதில் 14 சதவீதம் பிடித்தம்.

எப்படிப் பிடிப்பார்கள் என்பதில்தான் சிக்கல். தங்குமிடமும் சாப்பாடும் ஆண்டுக்கு 15,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் பையன் கைக்கு வருவதே இல்லை; கல்லூரியே தன் விடுதிக்குக் கட்டிக்கொள்கிறது. பிடிக்கக் கையில் காசு இல்லாததால், 2,100 டாலரை அவனுடைய மாணவர் கணக்கில் பாக்கியாக எழுதிவிடுவார்கள். "முழு ஸ்காலர்ஷிப்" என்று கொண்டாடிய வீட்டுக்கு முதல் செமஸ்டரிலேயே பில் வரும். அதைக் கட்டாவிட்டால் அடுத்த செமஸ்டர் பாடங்களுக்குப் பதிய விடாத கல்லூரிகள் உண்டு.

அந்த 2,100 திரும்பக் கிடைக்குமா?

இந்தியக் குடிமகன் என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, இந்திய மாணவர்களுக்கு அமெரிக்கர்களைப் போலவே 'நிலையான கழிவு' எடுக்க, அதாவது வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி கட்ட, அனுமதி தருகிறது. எஃப்-1 விசாவில் வரும் மற்ற நாட்டு மாணவர்களுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. 2025 வரி ஆண்டுக்கு அந்தக் கழிவு 15,750 டாலர். மேலே சொன்ன 15,000-ஐ அது முழுவதும் விழுங்கிவிடும். வேறு வருமானம் இல்லையென்றால் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம்.

அதற்கு, பிடித்த வரியைக் காட்டிக் கல்லூரி மார்ச் நடுவில் தரும் 1042-எஸ் படிவத்தை வைத்து, வெளிநாட்டவருக்கான வரிக் கணக்குப் படிவமான 1040-என்ஆர் தாக்கல் செய்யவேண்டும். கல்லூரியில் வேலை பார்க்காத மாணவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது என்பதால் அதற்குப் பதிலாக வரிக்கு மட்டும் தரும் ஐடிஐஎன் எண்ணுக்கும் விண்ணப்பிக்கவேண்டும். பலர் இந்தப் படிவத்தைப் பார்த்துப் பயந்து தாக்கலே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். சும்மா போகிற பணம் அது.

இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழர் என்பதற்காக இந்திய ஒப்பந்தம் பொருந்தாது.

பாதி ஸ்காலர்ஷிப்தான் கிடைச்சிருக்கு. மீதிக்கு லோன் போட்டா விசா குடுப்பாங்களா?

கொடுப்பார்கள், ஆனால் வரிசை முக்கியம். விசாவுக்கு முன் கல்லூரி ஐ-20 படிவம் தரவேண்டும். அதில் ஒரு பக்கம் ஓராண்டுச் செலவு, எதிர்ப் பக்கம் அந்தப் பணம் வரும் வழிகள். செலவு 48,000, ஸ்காலர்ஷிப் 30,000 என்றால், மீதி 18,000 டாலருக்கு வங்கி இருப்போ கல்விக் கடன் ஒப்புதல் கடிதமோ காட்டினால்தான் இரண்டு பக்கமும் நேராகும், படிவமும் வரும்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கு வெளிமாநிலக் கட்டணம். "50 சதவீதம்" என்றால் எந்தக் கட்டணத்தில் 50 என்று கேளுங்கள். சதவீதத்தை விட்டுவிட்டு டாலரில் சொல்லச் சொல்வது நல்லது.

ஒரு தடவை கிடைச்சா நாலு வருஷமும் உறுதிதானே?

காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உறுதி. ஓராண்டு ஒப்பந்தமும் உண்டு, பல ஆண்டு ஒப்பந்தமும் உண்டு. ஓராண்டு என்றால் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்பதை டிவிஷன் 1 கல்லூரி ஜூலை 1-க்குள் எழுத்தில் சொல்லவேண்டும். குறைத்தாலோ நிறுத்தினாலோ மேல்முறையீடு செய்யலாம். அதை விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழு விசாரிக்கும்.

2024 ஆகஸ்ட் முதல் எல்லா டிவிஷன் 1 கல்லூரிகளும் சில அடிப்படைப் பாதுகாப்புகளைத் தரவேண்டும். ஆட்டம் சரியில்லை, அடிபட்டுவிட்டது என்ற காரணத்துக்காக ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கமுடியாதபடி பாதுகாப்பு இருக்கிறது. விளையாட்டில் பட்ட காயத்துக்குக் கல்லூரியை விட்ட பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு மருத்துவச் செலவு உண்டு. டிவிஷன் 2, என்ஏஐஏ கல்லூரிகளில் இதே அளவு பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள்.

அடிபட்டா ஸ்காலர்ஷிப் போகாதுன்னு சொல்றீங்க. விசா?

நல்ல கேள்வி. எஃப்-1 மாணவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட் படித்தாகவேண்டும். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, தாங்கமுடியாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டு 9-க்கு வந்துவிட்டால் விசா நிலை முறிந்துவிடும். மருத்துவர் கடிதத்தோடு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கினால் குறைத்துப் படிக்கலாம். பாடத்தைக் கைவிட்ட பிறகு போய் நின்றால் அவர்களால் அதிகம் செய்யமுடியாது. கோச்சுக்கோ அணி மருத்துவருக்கோ இந்த விதி தெரிந்திருக்கும் என்று எண்ணவேண்டாம்.

இப்போ காலேஜ் பிளேயர்ஸ் எல்லாம் விளம்பரத்துல கோடி கோடியா சம்பாதிக்கிறாங்களே. என் பையனும் சம்பாதிக்கலாமா?

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், முகம், புகழை வைத்துச் சம்பாதிக்க என்சிஏஏ அனுமதிக்கிறது. இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். ஆனால் என்சிஏஏ அனுமதிப்பது வேறு, குடிவரவுச் சட்டம் அனுமதிப்பது வேறு. எஃப்-1 மாணவர் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே அனுமதி இல்லாமல் வேலை செய்யக்கூடாது. கார் ஷோரூமில் நின்று கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குவது வேலைதான்.

மேலே சொன்ன டோரி டெய்லர் ஐயோவாவில் அவ்வளவு பிரபலம், "பன்ட் செய்வதே வெற்றி" என்ற பொருளில் வாசகம் பொறித்த டி-ஷர்ட் விற்றது. விசா காரணமாக அவர் அதில் லாபம் எடுக்கவில்லை. பணம் ஒரு தொண்டு அமைப்புக்குப் போனது. கென்டக்கியில் கூடைப்பந்து ஆடிய காங்கோ நாட்டவர் ஆஸ்கர் ஷிப்வே வேறு வழி பார்த்தார். 2022-இல் அணி பஹாமாஸ் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஊரிலேயே வேலையை முடிப்பது இதே வழிதான். எதுவானாலும் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விளம்பரக் கம்பெனிக்காரர் "எல்லாரும் பண்றாங்க" என்பார். விசா போனால் போவது உங்கள் பையனுடையது.

கல்லூரியே நேரடியா சம்பளம் மாதிரி தருதாமே, அது?

ஹவுஸ் சமரசம் அதற்கும் வழி திறந்தது. 2025-26-இல் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு மொத்தம் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம். எஃப்-1 மாணவருக்கு இதைக் கொடுக்கலாமா என்பதற்குத் தெளிவான அரசு வழிகாட்டுதல் இல்லாமல் கல்லூரிகள் தயங்குகின்றன, ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கின்றன. முந்தைய பதிலின் வழக்கறிஞர் யோசனை இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

இதிலிருந்து வேறான ஒன்று, படிப்பை வைத்துத் தரும் ஊக்கத்தொகை. 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆல்ஸ்டன் தீர்ப்புக்குப் பிறகு ஆண்டுக்கு 5,980 டாலர் வரை கல்லூரி கொடுக்கலாம். இது ஸ்காலர்ஷிப் வகை என்பதால் விசாச் சிக்கல் குறைவு. 14 சதவீதப் பிடித்தம் மட்டும் உண்டு.

பையன் பிளஸ் டூ முடிச்சு இங்கேயே ஒரு வருஷம் காலேஜ் போறான். அப்புறம் அமெரிக்கா போலாமா?

போகலாம், ஆனால் டிவிஷன் 1-இல் கடிகாரம் ஓட ஆரம்பித்திருக்கும். எந்த நாட்டுக் கல்லூரியிலானாலும் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு என்பதுதான் நெடுங்கால விதி. கோயம்புத்தூரில் பொறியியல் முதலாண்டு படித்ததும் அந்த ஐந்தில் ஒன்று. தகுதிக்கால விதிகள் இப்போது நீதிமன்றங்களில் இழுபறியில் இருப்பதால் கல்லூரியின் விதி அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கல்லூரியிலேயே சேராமல் சும்மா இருந்தாலும் பிரச்சினை வரலாம். பள்ளி முடித்து ஓராண்டுக்கு மேல் கிளப் லீக் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் ஆடத் தகுதியான சீசன்கள் குறையும். மதிப்பெண் பட்டியல்கள் 9-ஆம் வகுப்பிலிருந்தே வேண்டும். பொதுத்தேர்வு இல்லாத வகுப்பு என்று 9-ஆம் வகுப்பு ரிப்போர்ட் கார்டைத் தூக்கிப் போட்ட வீடுகள் பின்னால் பள்ளிக்கு அலைகின்றன. டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்களும் 2.3 ஜிபிஏ-வும் தேவை. எஸ்ஏடி மதிப்பெண்ணை என்சிஏஏ இப்போது கேட்பதில்லை, கல்லூரி கேட்கலாம்.

மகன் கொழும்பில ரக்பி விளையாடுறான். அவனுக்கு இதில வாய்ப்பு இருக்கா?

உதை நன்றாக இருந்தால் கிக்கர், பன்ட்டர் இடங்களுக்கு முயலலாம். வழி நேராக இருக்காது. நைஜீரியாவின் கிறிஸ்டியன் ஒகோயே அஸூஸா பசிஃபிக் என்ற, அப்போது என்ஏஐஏ-வில் இருந்த சிறிய கல்லூரிக்குத் தடகளத்துக்காகத்தான் வந்தார். அங்கேதான் ஃபுட்பால் கற்றார். 1989-இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் முழுவதிலும் பந்தோடு ஓடி அதிக யார்டு எடுத்தவர் அவர். கானாவின் எசக்கியேல் அன்சா பிரிகம் யங் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காமல், 2010-இல் ஸ்காலர்ஷிப் இல்லாமலே ஃபுட்பால் அணியில் சேர்ந்தார். 2013 என்எஃப்எல் தேர்வில் ஐந்தாவது ஆளாக எடுக்கப்பட்டார்.

இப்படி ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்வதை 'வாக் ஆன்' என்கிறார்கள். அதை நம்பிப் போவதானால் ஐ-20-க்கு முழு ஆண்டுச் செலவையும் குடும்பமே காட்டவேண்டும். அதுவும் 105 வரம்பு வந்தபின் பெரிய கல்லூரிகளில் வாக் ஆன் இடங்கள் சுருங்கிவிட்டன.

ஏஜென்ட் ஒருத்தர் ஸ்காலர்ஷிப் தொகையில 10 சதவீதம் கேக்குறார். குடுக்கலாமா?

கூடாது. வீடியோ தயாரித்து அனுப்புவது போன்ற சேவைக்கு நிலையான கட்டணம் வாங்கலாம். கல்லூரியில் இடமோ ஸ்காலர்ஷிப்போ கிடைப்பதைப் பொறுத்துக் கமிஷன் வாங்குவது என்சிஏஏ விதிக்கு எதிரானது, பையனின் தகுதியே போகலாம். ஹார்வர்டில் ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பேச்சை உடனே முடித்துக்கொள்ளுங்கள். காரணம் மேலே இருக்கிறது. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி உண்டு, வெளிநாட்டவருக்கும் உண்டு. அதற்கு ஏஜென்ட் தேவையில்லை.

பொண்ணு சாக்கர் நல்லா ஆடுறா. இதே விதிதானா?

விசா, வரி, ஐ-20 எல்லாம் அதேதான். பணம் வேறு. பழைய வரம்பில் டிவிஷன் 1 பெண்கள் சாக்கருக்கு 14, ஆண்களுக்கு 9.9 மட்டுமே. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இப்போது இருபாலருக்கும் அணி வரம்பு 28. வரம்பு உயர்ந்ததால் பட்ஜெட்டும் உயர்ந்துவிட்டது என்று பொருளில்லை. துண்டு ஸ்காலர்ஷிப்தான் வழக்கம். அதைப் படிப்புக்கான ஸ்காலர்ஷிப்போடு சேர்த்து ஒட்டவேண்டியிருக்கும், ஆகவே மதிப்பெண் இங்கே நேரடியாகப் பணம். வெளிநாட்டு வீரர்களைக் கோச்சுகள் தேடிப்போகிற ஆட்டம் என்பதால் நம் பிள்ளைகளுக்கு ஃபுட்பாலைவிடச் சாக்கரில் கதவு அகலம்.

கோச் வீடியோ கால்ல "உன்னை எடுத்தாச்சு"ன்னுட்டார். டிக்கெட் போட்டுடலாமா?

வேண்டாம். வாய்வார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது. அந்தக் கோச்சே டிசம்பரில் வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். வீரரும் கல்லூரியும் கையெழுத்திட முன்பிருந்த 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற ஒப்பந்தக் கடிதம் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டது. இப்போது செல்லுபடியாவது கல்லூரியின் நிதியுதவி ஒப்பந்தம் மட்டும். அது கையெழுத்தாகி வந்தபின் கல்லூரி அனுமதிக் கடிதம், என்சிஏஏ தகுதிச் சான்று, ஐ-20, செவிஸ் கட்டணம், விசா நேர்காணல். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்தபிறகு டிக்கெட். ஃபுட்பால் பயிற்சி முகாம் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். நேர்காணல் தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம் என்பதால் ஐ-20-ஐ ஏப்ரலுக்குள் அனுப்பச் சொல்லிக் கல்லூரியை நச்சரியுங்கள்.